பரணில் தூங்கும் பழைய லேப்டாப்... வீட்டு சர்வராக எழுப்பலாமா? பொங்கலூரிலிருந்து ஓர் அலசல்!

2025-ன் கடைசியில், சரியாக ஐந்து வாரத்துக்குள் மூன்று விஷயங்கள் நடந்தன. அக்டோபர் 14-ம் தேதி, விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அக்டோபர் 20-ம் தேதி, அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்-ஸின் வர்ஜீனியா மையத்தில் கோளாறு. ஸ்னாப்சாட், கேன்வா என்று வரிசையாகப் படுத்துக்கொண்டன. நவம்பர் 18-ம் தேதி, நம்ம ஊர்ல டீ குடிக்கிற சாயங்கால நேரத்துல க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் நெட்வொர்க் தடுமாற, எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் பலருக்குத் திறக்கவே இல்லை.

மூன்றும் வேறு வேறு செய்திகள்தான். ஆனா, மூன்றும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. நம்ம போட்டோ, நம்ம ஃபைல், நம்ம கம்ப்யூட்டர்னு சொல்றோமே... அது உண்மையிலேயே நம்ம கைல இருக்கா, இல்ல யாரோ ஒருத்தர் வீட்ல வாடகைக்கு வெச்சிருக்கோமா?

இந்தக் கேள்விக்கு இளைஞர்கள் பலர் இப்போ தேடும் ஒரு பதில், வீட்டு சர்வர். யூடியூபில் `ஹோம் சர்வர்' என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. அதெல்லாம் பெங்களூரு ஃபிளாட்டுக்கு சரி. பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவுல, கோவை - திருச்சி ரோட்டுல இருக்கிற பொங்கலூர் மாதிரியான ஊருக்கு இது சரிப்பட்டு வருமா? தறிச் சத்தமும், கோழிப்பண்ணையும், தென்னந்தோப்பும் இருக்கிற ஊர்ல ஒரு சர்வர் ஓடுமா? ஓடும். எங்கே ஓடும், எங்கே முட்டும் என்று பார்த்துவிடலாம்.

சர்வர்னா என்னங்க?

பெரிய ஏசி ரூமுக்குள் வரிசையாக அடுக்கிய பெட்டிகள்தான் சர்வர் என்ற படம் நம் மனதில் பதிந்துவிட்டது. அது சர்வர்களின் குடோன். சர்வர் என்பது ஒரு வேலை. கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வேலை. நீங்கள் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால், மறுமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறது. அந்த வேலையை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யும். 24 மணி நேரமும் அணையாமல் இருக்கணும், கூப்பிட முகவரி இருக்கணும். அவ்வளவுதான் தகுதி.

ஒரு சின்ன வெப்சைட்டைக் கொடுக்க பெரிய பிராசஸரும் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய லேப்டாப்பே தாராளம். பிரச்னை, அதற்குள் இருக்கும் விண்டோஸின் எடைதான். அதை எடுத்துவிட்டு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால், `ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது'னு ஓரங்கட்டிய மெஷின் சுறுசுறுப்பாக எழுந்து நிற்கும்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

மூன்று காரணங்கள்.

முதலாவது, இடம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவச சேமிப்பை நிறுத்திவிட்டது. கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோ எல்லாத்துக்கும் சேர்த்தே அவ்வளவுதான். 2024-லிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில் ஏறிவிட்டது. `ஸ்டோரேஜ் ஃபுல்' என்ற மஞ்சள் கோடு தெரியாத போன் இன்னைக்கு அபூர்வம். மாதச் சந்தா சின்னத் தொகைதான். ஆனால், கட்டுவதை நிறுத்த முடியாத தொகை. நிறுத்தினால் போட்டோ போகும் என்ற பயம் இருக்கும்வரை கட்டிக்கொண்டே இருப்போம்.

இரண்டாவது, விலை. வீட்டு சர்வர் என்றாலே முன்பு எல்லோரும் சொன்னது ராஸ்பெர்ரி பை. 2012-ல் பிரிட்டனில் அறிமுகமான, உள்ளங்கையளவு கம்ப்யூட்டர். ஆனால், ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறியது. 2025 டிசம்பரில் ராஸ்பெர்ரி பை நிறுவனமே விலையை ஏற்றியது. அதே மாதம் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த `க்ரூஷியல்' பிராண்டிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. புதுசா வாங்குவது காஸ்ட்லி ஆகும்போது, வீட்டில் கிடக்கும் பழசுக்கு மதிப்பு கூடும்.

மூன்றாவது, பிடிமானம். 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியனின் தடைக்குப் பிறகு, குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவைத்தது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சில நாள்களில் சேவை திரும்பியது. காசு கட்டி வாங்கிய சேவை, எங்கோ எடுத்த முடிவால் ஒரே நாளில் நின்றுபோகலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. அதன் பிறகுதான் தென்காசி, சென்னை என்று வேர்விட்ட ஜோஹோவைப் பற்றிய பேச்சு டெல்லிவரை சூடுபிடித்தது. செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். `அரட்டை' ஆப் டவுன்லோடு பிய்த்துக்கொண்டு போனது.

வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து உள்நாட்டு நிறுவனத்துக்கு மாறுவது ஒரு நாட்டுக்கு நல்ல விஷயமாக இருக்கலாம். ஆனாலும், உங்களைப் பொறுத்தவரை வாடகை வீடு மாறியிருக்கிறது. சொந்த வீடு என்பது வேற கணக்கு.

நமக்கு இது புதுசில்லை!

`லினக்ஸா... அதெல்லாம் நமக்கு எதுக்கு?' என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். 2000-களின் பிற்பகுதியில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது விண்டோஸை விட்டு சூஸே லினக்ஸுக்கு நகர்ந்தது. அரசு அலுவலகம், பள்ளி என்று லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் போயின. அதே காலத்தில், 2007-ல், சென்னை சி-டாக் மையம் `பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது.

பிறகு வந்தது விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேட்கும். நம்மில் பெரும்பாலானோர் அந்த இரண்டாவது பெயரை ஒருமுறைகூட கிளிக் பண்ணியதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. படம் பார்க்க, பாட்டு கேட்க விண்டோஸ் போதுமானதாக இருந்தது.

இன்று அந்த லேப்டாப்கள் பரண்மேல், பீரோவுக்கு அடியில், சிலது காயலான் கடையில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இவ்வளவு கம்ப்யூட்டர்கள் வீடு வீடாக முடங்கிக் கிடப்பது, வேறு மாநில இளைஞர்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு. இப்போது விண்டோஸ் 10-ம் ஓய்வுபெற்றுவிட்டதால் அடுத்த தலைமுறை லேப்டாப்களும் அதே பரணுக்கு வரும். தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. அதோடு சரி.

எப்படிச் செய்வது?

1. முதலில் மெஷினைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், அந்தப் பேட்டரி உங்களுக்கு லாபம். அதுவே இலவச யு.பி.எஸ்.

2. ஹார்டு டிஸ்க் பழசாக இருந்தால் அதன் ஆரோக்கியத்தைச் சோதியுங்கள். முடிந்தால் சின்ன எஸ்.எஸ்.டி ஒன்று மாற்றுங்கள். முதல் செலவும் பெரும்பாலும் ஒரே செலவும் இதுதான்.

3. லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 நல்ல தேர்வு. ஒரு விஷயம் கவனம்: இந்தப் பதிப்பிலிருந்து 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. உங்கள் பிராசஸர் 64 பிட் தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒல்லியாக வேண்டுமென்றால் ஆல்பைன் லினக்ஸ் இருக்கிறது. கமாண்டு என்றாலே பயமா? டெபியன் மீது கட்டப்பட்ட ஃப்ரீடம்பாக்ஸ் இருக்கிறது. நிறுவிய பிறகு எல்லாமே பிரவுசரில் கிளிக்தான். எபன் மோக்லன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், `ஒவ்வொருவர் வீட்டிலும் அவரவர் சர்வர்' என்று 2010-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது அது.

4. இன்ஸ்டால் செய்யும்போது `டெஸ்க்டாப் வேண்டுமா?' என்று கேட்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடை குறையும் ரகசியமே இங்குதான் இருக்கிறது. ஐகான், வால்பேப்பர் எதுவும் இல்லாத கறுப்புத் திரை மட்டும் வரும். 1 ஜிபி ரேமில்கூட சௌகரியமாக ஓடும். `எஸ்.எஸ்.ஹெச் சர்வர்' என்ற டிக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்த லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு உங்கள் போனிலிருந்தே அதை இயக்கலாம். மூடினால் தூங்கிப்போகாமல் இருக்க ஒரு செட்டிங் இருக்கிறது, அதை மாற்ற மறக்காதீர்கள்.

5. வெப் சர்வர் மென்பொருள். ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், உலகின் பெரிய பெரிய தளங்களையும் தாங்குகிறது, உங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடும். புதியவர்களுக்கு கேடி என்ற மென்பொருள் இன்னும் எளிது. பிரவுசரில் பூட்டு அடையாளம் வரவைக்கும் சான்றிதழை, லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடமிருந்து அதுவே இலவசமாக வாங்கி, அதுவே புதுப்பித்தும்கொள்ளும்.

6. ரௌட்டர் செட்டிங்கில் அந்த லேப்டாப்புக்கு நிலையான உள் முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். உதாரணமாக, 192.168.1.10. இனி உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் அந்த எண்ணைத் தட்டினால் உங்கள் பக்கம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடிகிற வேலை.

கரன்ட் பில் என்னாகும்?

வீட்டில் முதலில் வரும் கேள்வி இதுதான். கணக்குப் போட்டுவிடலாம். டிஸ்ப்ளே அணைத்த லேப்டாப் ஒன்று 15 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 360 வாட் மணி. இரண்டு மாத பில்லுக்கு 60 நாள் என்றால் 21.6 யூனிட். இதே வேலைக்கு 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை வைத்தால் 86.4 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அதனால் டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு லேப்டாப்பைத் தொடுவதே புத்திசாலித்தனம். உங்கள் வீட்டு ரீடிங் ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தால் கவனம். 500-ஐத் தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும்.

இங்கே நம்ம ஏரியாவுக்கே உரிய இரண்டு சிக்கல்களும் உண்டு. ஒன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், ஆனா ரௌட்டர் அணைந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ் ஒன்று மாட்டிவிடுங்கள். இன்னொன்று, பஞ்சு. தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டிலோ, பனியன் ஜாப் ஒர்க் நடக்கும் ஷெட்டிலோ வைத்தால், காற்றில் பறக்கும் பஞ்சும் தூசும் ஃபேனுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறும், மெஷின் தானாக அணையும். வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தால் சொல்லவே வேண்டாம். காற்றோட்டமான, பஞ்சு வராத இடமாகப் பார்த்து, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை ஊதித் துடையுங்கள்.

இனிமேல்தான் சுவர்!

வீட்டுக்குள் எல்லாம் ஓடுகிறது. இப்போ, கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து அதே பக்கத்தைத் திறக்கப் பார்க்கிறீர்கள். திறக்காது. மணிக்கணக்கில் செட்டிங்கை மாற்றிப் பார்ப்பீர்கள். அப்போதும் திறக்காது. உங்கள் மேல் தப்பே இல்லை. உங்கள் வீட்டுக்கு வெளியுலகம் கூப்பிடக்கூடிய முகவரியே கிடையாது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கணும். இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையான ஐ.பி.வி4-ல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். 2011-ல் உலகக் கையிருப்பு தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. இந்தியாவில் வீட்டு பிராட்பேண்டும், 2016 செப்டம்பரில் ஜியோவும் பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். அதாவது, நாம் பந்திக்குப் போனபோது இலை தீர்ந்துவிட்டது.

எனவே, சேவை நிறுவனங்கள் ஒரு வழி செய்தன. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி. ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டுக்கு ஒரே கதவு எண் கொடுத்த மாதிரி. இதன் பெயர் சி.ஜி.நாட். வீட்டிலிருந்து வெளியே போக எந்தத் தடையும் இல்லை. ரீல்ஸ் வரும், கேம் ஓடும். ஆனால், வெளியிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டைத் தேடி வந்தால், `எந்த வீடு?' என்று காவலாளிக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் வீடு இந்தச் சுவருக்குள் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ரௌட்டரின் பக்கத்தில் `வேன் ஐ.பி' என்று ஓர் எண் இருக்கும். `என் ஐ.பி என்ன' என்று கூகுளில் தேடினால் இன்னோர் எண் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். வேறு வேறாக இருந்து, ரௌட்டர் எண் 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, நீங்கள் சுவருக்கு உள்ளே இருக்கிறீர்கள்.

இது வெறும் டெக்னிக்கல் சமாசாரம் என்று நினைத்துக் கடந்துபோக முடியாது. ஃபைபர் கேபிள் பொங்கலூர் வீதிவரை வந்துவிட்டது. ஆனால், அது வந்திருப்பது பார்க்கத்தான், கொடுக்க இல்லை. இங்கிருந்து ஒரு பையன் தன் வீட்டிலேயே ஒன்றை உருவாக்கி உலகுக்குத் தர நினைத்தால், அவன் முதலில் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்திடம் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஊர் முழுக்க நுகர்வோர், ஊர் வெளியே கடை என்பதுதான் இப்போதைய அமைப்பு. உள்ளூரில் உற்பத்தி செய்து உலகத்துக்கு விற்றே வளர்ந்த திருப்பூர் பெல்ட்டுக்கு, இது எவ்வளவு பொருந்தாத அமைப்பு என்று சொல்லத் தேவையில்லை.

சுவரைத் தாண்ட நான்கு வழி

ஒன்று, உங்கள் சேவை நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐ.பி கேளுங்கள். தனிக் கட்டணம் உண்டு. எல்லா நிறுவனமும், எல்லா பிளானிலும் தருவதில்லை. கேட்கும்போதே, வீட்டு பிளானில் சர்வர் வைக்க அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

இரண்டு, ஐ.பி.வி6. புதிய முகவரி முறை. இதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐ.பி.வி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்குப் பெரிய காரணம் ஜியோ. உங்கள் பிராட்பேண்டிலும் அது இருந்தால், உங்கள் லேப்டாப்புக்கே நேரடியாக ஓர் உலக முகவரி கிடைக்கும். உங்கள் போனின் மொபைல் டேட்டாவிலும் அது இருந்தால் இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆனால், ரௌட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவைத்திருக்கும். திறந்துவிடும் வசதி, நிறுவனங்கள் இலவசமாகத் தரும் சில ரௌட்டர்களில் இருப்பதில்லை. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

மூன்று, டன்னல். க்ளவுட்ஃப்ளேர் டன்னல், டெயில்ஸ்கேல் போன்றவை. உங்கள் லேப்டாப்பே வெளியே போய் ஒரு பாதையைத் திறந்துவைத்துக்கொள்ளும். இலவசமாகவே கிடைக்கிறது, சில நிமிடங்களில் முடியும். பெரும்பாலானவர்கள் எடுக்கும் வழி இதுதான். ஆனால், ஒரு முரண் இருக்கிறது. நவம்பர் 18-ம் தேதி தடுமாறியது இதே க்ளவுட்ஃப்ளேர்தான். பாட்களைக் கண்டறியும் அமைப்புக்கான ஒரு ஃபைல், அளவுக்கு மீறிப் பெரிதானதுதான் காரணம். அந்த மாதிரி ஒரு நாளில், டன்னல் வழியாக வெளியே தெரியும் வீட்டு சர்வரும் சேர்ந்தே காணாமல் போகும். சொந்த வீடு கட்டியாச்சு, ஆனா வண்டித்தடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலத்துல போகுதுங்கிற கதைதான்.

நான்கு, மாத வாடகைக்கு ஒரு சின்ன வி.பி.எஸ் எடுத்து, அதை வாசலாக மட்டும் வைத்துக்கொள்வது. ஃபைல்கள் வீட்டில் இருக்கும், வாசல் வெளியே இருக்கும். காசு செலவாகும், ஆனால் பிடி உங்களிடம். இந்த நிறுவனம் சரியில்லை என்றால் வாசலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

திறந்த கதவு யாருக்கும் திறந்ததுதான்

பப்ளிக் முகவரி கிடைத்துவிட்டது என்று குஷியாவதற்கு முன் ஒரு நிமிடம். நீங்கள் கதவைத் திறந்த சில நிமிடங்களில், யாரென்றே தெரியாத பாட்கள் வந்து பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்கும். மிகைப்படுத்தல் இல்லை, சர்வரின் லாக் ஃபைலைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம். 2016-ல் `மிராய்' என்ற மால்வேர், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத சி.சி.டி.வி கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அக்டோபர் 21-ம் தேதி அவற்றை ஏவி, டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் முதல் நெட்ஃபிளிக்ஸ் வரை அமெரிக்காவில் முடங்கின. கேமராக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அடியாளாக வேலை பார்ப்பதே தெரியாது.

அதனால் நான்கு விஷயங்களைக் கட்டாயம் செய்யுங்கள். எஸ்.எஸ்.ஹெச்-சில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்தி, `கீ' மட்டும் வையுங்கள். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக வரும்படி செய்யுங்கள். தேவையான போர்ட் தவிர மற்றதை ஃபயர்வாலில் மூடுங்கள். பேக்கப் எடுங்கள்: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. சொந்த வீட்டில் கூரை ஒழுகினால் நாம்தான் ஏறிப் பார்க்கணும். சர்வரும் அப்படித்தான்.

இமெயில் சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பேம் என்றே தள்ளிவிடும். முக்கியமான ஒரு மெயில் போய்ச் சேரவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது.

யாருக்கு சரி, யாருக்கு வேண்டாம்?

குடும்ப போட்டோ, பாட்டு, படம், காலேஜ் நோட்ஸ், சொந்தமாக ஒரு போர்ட்ஃபோலியோ பக்கம். இதற்கெல்லாம் தாராளமாகச் செய்யலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கிவைத்தால், நெட் இல்லாத நாளிலும் வீட்டுக் குட்டீஸ் படிக்கலாம். `.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் டொமைன்கூட இருக்கிறது.

ஜாப் ஒர்க் யூனிட், தறிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு? 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா போட்ட 50 சதவிகித வரிக்குப் பிறகு, திருப்பூர் பெல்ட்டில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலை வந்தது. அப்படியிருக்க, டிசைன் போட்டோ, மெஷர்மென்ட் சார்ட், டெலிவரி சலான் காப்பி எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்து, போன் மாறும்போது தொலைந்துபோகிறது. இவற்றை ஷெட்டுக்குள் மட்டும், அதே வைஃபையில் மட்டும் ஓடும் ஒரு சர்வரில் வைத்தால் போதும். வெளி முகவரியே வேண்டாம். சி.ஜி.நாட் தொல்லையும் இல்லை. பேக்கப் மட்டும் ஒழுங்காக இருக்கணும்.

ஆனால், தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, சம்பள விவரங்களை விளையாட்டாகக் கட்டிய வீட்டு சர்வரில் ஏற்ற வேண்டாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. கட்டம் கட்டமாக அமலுக்கு வரும். சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அதில் விலக்கு உண்டு. தொழிலுக்கு இல்லை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால், அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்ன யூனிட்டுக்கு அவ்வளவு வராது என்றாலும், அடுத்தவர் தகவலுக்கு நாம் பொறுப்பு என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேட்க வேண்டியது என்ன?

வீட்டு சர்வர் கிளவுடை ஒழித்துவிடாது. அமேசானின் மையம் சில மணி நேரம் நின்றதே உலகச் செய்தி ஆனது. உங்கள் லேப்டாப் அதைவிட அடிக்கடி நிற்கும். லாபம் வேற இடத்துல இருக்கு. டொமைன், ஐ.பி, போர்ட், சான்றிதழ், ஃபயர்வால்... இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கும், தன் வீட்டில் ஓடவிட்டு, உடைத்து, சரிசெய்துவிட்டுப் போகிறவருக்கும் இருக்கும் வித்தியாசம் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். கூடவே, எந்தப் பொருளை வாடகைக்கு விடலாம், எதைக் கைவிட்டுப் போகவிடக் கூடாது என்று முடிவெடுக்கும் தெளிவும் வரும்.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப் என்று அறிவித்தது. முந்தைய முறை பாஸ் லினக்ஸ் கூடவே வந்தும், அதைத் திறந்து காட்ட ஆள் இல்லாமல் போனது. அடுத்தடுத்து வரும் லேப்டாப்களுக்காவது கல்லூரியில் ஒரு நாள் பயிற்சி இருந்தால், பழைய லேப்டாப் குப்பைக்குப் போகாமல் சர்வராகும். பாரத்நெட் வழியாகக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் டான்ஃபிநெட், அதோடு திறந்த ஐ.பி.வி6 முகவரியையும் கொண்டுபோனால், சுவர் பாதி இடிந்த மாதிரி. தனியார் நிறுவனங்கள் குறைந்தபட்சம், கேட்கிற வாடிக்கையாளருக்கு ரௌட்டரின் கதவைத் திறக்கும் வசதியையாவது தரலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பிராட்பேண்ட் பிளான் மாற்றும்போது, `எத்தனை எம்.பி.பி.எஸ், எந்த ஓ.டி.டி ஃப்ரீ?' என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: `பப்ளிக் ஐ.பி தருவீங்களா, ஐ.பி.வி6 இருக்குங்களா?'

லைன் போட வரும் அண்ணனுக்கு முதல்முறை அந்தக் கேள்வி புரியாமல் போகலாம். ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் கேட்டால், அவர் ஆபீஸுக்கு போன் போட்டுக் கேட்பார்.